லாரி ஏறாத காய்கள்

இலவம்பாடி

மார்கழி முடிகிற நேரத்தில் இலவம்பாடி வயல்களில் கத்தரி நன்றாகக் காய்த்திருக்கிறது. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரத்து ஊர் இது. ஊர்ப்பெயரைச் சேர்த்தே அந்தக் காயைச் சொல்வார்கள்: இலவம்பாடி முள் கத்தரி. தண்டில் முள், இலை நரம்பில் முள், காயின் தலையைக் கவ்வியிருக்கும் பச்சைத் தொப்பியிலும் முள். பறிக்கிற பெண்கள் காயைப் பிடித்து இழுப்பதில்லை. அடிப்பக்கம் கையைக் கொடுத்துத் தாங்கி, லேசாகத் திருகி எடுக்கிறார்கள். விதைக்கு விட்ட காய்கள் மட்டும் செடியிலேயே தொங்குகின்றன. ஊதா நிறம் போய் மஞ்சளும் பழுப்பும் ஏறும்வரை அவற்றை யாரும் தொடுவதில்லை. அப்புறம் அறுத்துப் பிசைந்து, தண்ணீரில் அலசி, அடியில் தங்கும் விதையை எடுத்துச் சாம்பலில் புரட்டி நிழலில் காயவைப்பார்கள். ஒரு காயில் நூற்றுக்கணக்கான விதை இருக்கும். ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு காயே தாராளம்.

2023-ல் இந்தக் கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இது இத்தனை காலம் பிழைத்திருந்ததற்கு அந்தக் குறியீடு காரணமில்லை. வியாபாரக் கணக்கில் முள் ஒரு தொல்லை. பறிக்க நேரமாகும், மூட்டைக்குள் பக்கத்துக் காயைக் குத்தும், முள்ளே இல்லாத வீரிய ஒட்டு ரகங்களோ விதைக்கடையில் பாக்கெட்டில் கிடைக்கின்றன. அப்படியும் இது நிலைத்திருக்கிறதென்றால், சுற்றுவட்டார அடுப்புகள் இதைக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் காரணம். பாலாற்றங்கரையில் கத்தரிக்காய்க்கு எப்போதும் தனி மரியாதை உண்டு. ஆம்பூர், வாணியம்பாடிப் பிரியாணிக்குப் பக்கத்தில் கத்தரிக்காய்ப் பச்சடி இல்லாவிட்டால் அந்த இலை நிறைவதில்லை. இங்கிருந்து ராமநாதபுரம்வரை போன இந்தப் பயணம் முழுவதும் மனதில் ஓடிய கேள்வி, ஒரு நாட்டுக் காய்கறி எதனால் உயிரோடு இருக்கிறது என்பதுதான். வழி நெடுகக் கிடைத்த பதில் ஒன்றே. அது வீட்டுக் கொல்லையில் இருக்கும்போதும், அந்த வீட்டுச் சமையலுக்கு வேண்டியதாக இருக்கும்போதும் பிழைக்கிறது. இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் போய்விடுகிறது.

போராட்டங்கள் காப்பாற்றாதா என்று கேட்கலாம். மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியதும் நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. பொதுக் கருத்துக் கேட்புக்குப் பின் 2010 பிப்ரவரி 9 அன்று அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். அந்த மாதங்களில் ஒவ்வோர் ஊர்க் கத்தரியும் பெயர் சொல்லி நினைக்கப்பட்டது. அந்தப் போராட்டம் சரியானது, வேண்டியது. ஆனாலும் ஓர் ஆணை புதிய விதை ஒன்றைத் தடுக்கலாமே ஒழிய, பழைய விதையை முளைக்க வைக்க அதனால் முடியாது. அப்போது பெயர் சொல்லப்பட்ட கத்தரிகளில் எத்தனையை அடுத்த ஆடியில் நட்டோம் என்பதை ஒவ்வொரு வீடும் தன்னைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒட்டன்சத்திரம்

தமிழகத்தின் மிகப் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்று ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட். இறங்குகிற மூட்டைகளில் பெரும்பங்கு மறுபடி லாரியேறி மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போகிறது. ஒரு மணி நேரம் அங்கே நின்றால் நாட்டுக் காய்கறிகள் ஏன் அரிதாயின என்பது விளங்கிவிடும். எல்லாக் காயும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே வளைவு. புடலையைப் பாருங்கள். நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நேராக்கிய ஆளுயரப் பாம்புப் புடலை ஒன்றுகூடக் கண்ணில் படாது. கோணியில் அடுக்க வசதியான குட்டைப் புடலைதான் மலைமலையாகக் குவிந்திருக்கிறது. நீளப் புடலை லாரியில் ஏறினால் இறங்கும்போது இரண்டு மூன்று துண்டாக இருக்கும். மெல்லிய தோல் உள்ளது, சீக்கிரம் வாடுவது, ஒரே சமயத்தில் காய்க்காமல் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ப்பது எல்லாம் இப்படித்தான் சந்தையைவிட்டுக் கழிந்தன. சுவை பார்த்து யாரும் அவற்றை ஒதுக்கவில்லை. தூரம் ஒதுக்கிவிட்டது.

இதற்காக விவசாயியைக் குறை சொல்வது சுலபம், அது நியாயமில்லை. கடன் வாங்கி விதைத்தவர், விலை என்னவென்று தெரியாமல் மூட்டையை இறக்குகிறவர், ஏக்கருக்குக் கூடுதலாக எத்தனை மூட்டை வரும் என்று பார்த்தே ஆகவேண்டும். வீரிய ஒட்டு ரகம் கூடுதல் மகசூல் தருகிறது, சில நோய்களைத் தாங்குகிறது என்பது உண்மை. அதன் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் தாய்ச்செடி போல வராது, ஆண்டுதோறும் கடைக்குப் போகவேண்டும் என்பதும் உண்மை. அந்தக் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்க்க அவருக்குத் தெரியும். பழைய ரகங்களைக் காக்கும் பாரத்தை, அதனால் நட்டப்படக் கூடிய ஒரே ஆளான அவர் தலையில் நாம் ஏற்றக் கூடாது. வீட்டுத் தோட்டக்காரருக்கு அந்த நட்டமே கிடையாது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு வாரம் அரைக் கிலோ கத்தரி வந்தால் போதும். ஒரே வாரத்தில் இருபது கிலோ காய்த்துக் கொட்டினால்தான் சங்கடம். சந்தைக்குக் குறையாகத் தெரிந்த இந்த நிதானமான காய்ப்பு கொல்லைக்குப் பெரிய வசதி. லாரி ஏறாத காய், பின்வாசலிலிருந்து அடுப்படிக்குப் பத்தடி நடந்தால் போதுமே!

இதெல்லாம் வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று ஒரு பேச்சு உண்டு. நம் ஊர்களின் பழைய வழக்கம் அதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. நெல்லும் சோளமும் வயலில் விளைந்தன. காய்கறி விதையோ புறக்கடையில்தான் இருந்தது, பெரும்பாலும் பெண்கள் கையில். கூரைமேல் சுரை, குப்பைமேட்டில் பூசணி, கிணற்றடியில் சேம்பு, முற்றத்துப் பந்தலில் அவரை. பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அப்பி வைத்தவர்களிடம் காணி நிலம்கூட இருந்திருக்காது. விதைப்புப் பட்டம் தெரிந்தவர்களும் அவர்கள்தான். பந்தல் அவரை பகல் குறுகிப் பனி இறங்கினால்தான் பூக்கும். ஆடியில் ஊன்றினால் மார்கழி, தையில் காய். சந்தைக்கு ஆண்டு முழுவதும் அவரை வேண்டும் என்பதற்காகப் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்துச்செடி ரகங்களை உருவாக்கினார்கள். நகரத்து மாடியில் பந்தல் அவரையைச் சித்திரையில் ஊன்றிவிட்டு, கொடி ஓடுகிறதே தவிரப் பூக்கவில்லை என்று விதையைப் பழிக்கிறோம். அந்த விதைக்குக் காலண்டர் இருக்கிறது; அதை அனுசரித்துத்தான் போகவேண்டும்.

மேல்மலை

கொடைக்கானலைத் தாண்டிப் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று போகும் மேல்மலைச் சரிவுகளில் படிப்படியாக இறங்கும் வயல்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டின் ஊர்கள் இவை. அறுத்த பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாகக் கட்டி, அடுப்புப் புகை படும்படி தொங்கவிடுவார்கள். கொஞ்சம் கீழே தேனிப் பக்கத்து வடுகபட்டிச் சந்தைக்குப் போகும். மீதி அடுத்த நடவுக்கு. பூண்டுக்கு விதை என்று தனியாக எதுவும் இல்லை. பல்லை ஊன்றினால்தான் அடுத்த பூண்டு.

விதை வங்கிகள் இருக்கும்போது வீட்டுத் தோட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு மேல்மலை பதில் வைத்திருக்கிறது. டெல்லியில் உள்ள தேசிய மரபணு வங்கியில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பயிர் மாதிரிகள் உறைகுளிரில் இருக்கின்றன. அது நாட்டின் சொத்து. அதன் மதிப்பைக் குறைத்துப் பேச இடமில்லை. ஆனால் பூண்டு, சேம்பு, சேனை, வள்ளி, கருணை போன்றவற்றை உலர்ந்த விதையாக உறையில் போட்டு வைக்க முடியாது. யாராவது ஆண்டுதோறும் மண்ணில் வைத்து எடுத்தாக வேண்டும். விதையாக வைக்கக் கூடியவையும் பூட்டிய அறையில் பருவத்தோடு பழகுவதில்லை. மழை தள்ளிப்போன ஆண்டு, புதுப் பூச்சி வந்த ஆண்டு என ஒவ்வொன்றையும் தோட்டத்துச் செடி பட்டுத் தெரிந்துகொள்கிறது. தாங்கி நின்ற செடியின் விதை அடுத்த ஆண்டுக்குப் போகிறது. அதைவிட முக்கியம், எந்தக் காயை எந்தப் பிஞ்சுப் பதத்தில் பறிப்பது, எதை வற்றல் போடுவது என்ற அறிவு எந்த வங்கியிலும் இல்லை.

கரிசல்

விருதுநகரைத் தாண்டி எட்டயபுரம் போகும்வரை கண்ணுக்கு எட்டிய தூரம் கரிசல் மண். ஒரு காலத்தில் பருத்தியும் கம்பும் சோளமும் கலந்து நின்ற நிலத்தில் இப்போது பெரும்பாலும் மக்காச்சோளம். இந்த மண்ணின் காய் அதலை. பாகல் இனம்தான், ஆனால் கட்டைவிரல் நுனி அளவே இருக்கும், விலா விலாவாக எழும்பிய பச்சைக் காய். பெரும்பாலும் யாரும் இதை விதைப்பதில்லை. மண்ணுக்கடியில் கிழங்காகக் கோடை முழுவதும் கிடந்து, ஐப்பசி மழையில் வரப்பிலும் பயிர் நடுவிலும் தானாகக் கொடி விடும். பெண்கள் பறித்துவந்து கூறு கட்டி விற்பார்கள். காம்பையும் நுனியையும் கிள்ளி, முழுசாகவே நல்லெண்ணெயில் வதக்கி, சின்ன வெங்காயமும் புளியும் சேர்த்து, இறக்கும்போது துளி கருப்பட்டி போட்டால், பாகற்காயின் கசப்புக்கும் இதன் கசப்புக்கும் உள்ள தூரம் நாக்குக்குத் தெரியும். கம்மங்கஞ்சிக்கு இதைவிடப் பொருத்தமான தொடுகறி கிடைப்பது கடினம். இதைப் பறித்தால் சீக்கிரம் சமைத்துவிட வேண்டும். வைத்திருந்தால் பழுத்து வெடித்துவிடும். மார்கழிக் கடைசியில் கோவில்பட்டிப் பக்கம் கிடைப்பது பருவத்தின் கடைசிக் காய்கள்.

இப்படி ஒரு காயைப் பற்றிக் கேள்விப்பட்டதுமே கிழங்கை வரவழைத்து மாடியில் வைக்கலாமே என்று தோன்றும். தோன்றுவது இயற்கைதான், ஆனால் வேண்டாம் என்பேன். கரிசலின் வெடிப்பும் இறுக்கமும் தென்னை நார்க்கழிவு நிரப்பிய பையில் வராது. தோண்டி எடுத்த ஒவ்வொரு கிழங்கும் அந்த வரப்பில் அடுத்த ஆண்டு கொடி விடாது. களைக்கொல்லியும் ஆழ உழவும் ஏற்கனவே நெருக்குகிற செடி அது. அதலையைக் காக்க வேண்டியவர்கள் கரிசல்காட்டு வீடுகள். வேலி ஓரத்தில் உழாத ஒரு முழ இடம் விட்டால் போதும். சென்னைக்காரர் காக்க வேண்டியது தன் மண்ணுக்கும் தன் பருவத்துக்கும் வந்த காயை. அரிய காய் எங்கிருந்தாலும் என் தோட்டத்தில் வேண்டும் என்ற ஆசைக்கும், என் ஊர்க் காய் என் தோட்டத்திலாவது இருக்க வேண்டும் என்ற அக்கறைக்கும் நடுவே உள்ள தூரம் பெரியது.

எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடி போகும் வழியில் எப்போதும்வென்றான் என்ற ஊர் வருகிறது. கிளையை ஒடித்து நட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் போய், விதை போட்டு ஆறு மாதத்தில் காய்க்கும் செடிமுருங்கை தமிழகமெங்கும் பரவியதே, அந்தப் பி.கே.எம். 1 ரகம் இந்த ஊர் முருங்கையிலிருந்துதான் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் தேர்ந்தெடுக்கப்பட்டது. மதுரை 1 கத்தரி மதுரைப் பக்கத்துக் கல்லம்பட்டிக் கத்தரியிலிருந்து வந்தது. கிள்ளிகுளத்தின் கே.கே.எம். 1 குளத்தூர்க் கத்தரியிலிருந்து, கோவை 2 வரிக்கத்தரியிலிருந்து, பெரியகுளத்துக் கத்தரி புழுதிக் கத்தரியிலிருந்து. நாட்டு ரகம் விஞ்ஞானத்துக்கு எதிரி என்று ஒரு பக்கமும், விஞ்ஞானம் நாட்டு ரகத்துக்கு எதிரி என்று மறுபக்கமும் பேசுகிறவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்கலாம். ஆராய்ச்சி நிலையம் தேடிப் போனபோது கல்லம்பட்டியிலும் குளத்தூரிலும் யாரோ விதை வைத்திருந்தார்கள். இனி வரப்போகும் வறட்சிக்கும் நோய்க்கும் தேடிப் போகும்போதும் யாராவது வைத்திருக்க வேண்டுமே.

நெல்லை

பொங்கலை ஒட்டித் திருநெல்வேலிக் கடைவீதியில் கால்வைக்க இடமில்லை. கரும்புக்கும் மஞ்சள்குலைக்கும் பக்கத்திலேயே கிழங்குகள். பனங்கிழங்கு, சேனை, கருணை, வள்ளி, எல்லாவற்றுக்கும் முன்னால் மண் உதிரும் சிறுகிழங்கு. விரல் நுனியளவு கிழங்கைக் கோணியில் போட்டுத் தேய்த்துத் தோல் நீக்குவது அரை நாள் வேலை. எந்த நவீன சமையலறையும் சலித்துக்கொள்ளும் இந்தக் கிழங்கு இன்னும் தென்காசிப் பக்கம் ஏக்கர் கணக்கில் விளைகிறது. காரணம், தைப்பொங்கல் இலையில் சிறுகிழங்குப் பொரியல் இல்லாவிட்டால் நெல்லைக்காரர்களுக்குப் பொங்கல் இல்லை. மார்கழித் திருவாதிரைக் களிக்குச் சேர்க்கும் கூட்டிலும், பல வீடுகளின் திதிச் சமையலிலும் கோசுக்கும் கேரட்டுக்கும் இடமில்லாததால் கொத்தவரை, சேம்பு, பூசணி, வாழைக்காய்க்கு ஆண்டுதோறும் ஒரு நாளாவது உறுதியாக இருக்கிறது. சடங்கு இல்லாத வீடுகள் என்ன செய்வது? அங்கே வாரச் சமையல் அந்த வேலையைச் செய்யலாம். ஞாயிறு மதியம் ஒரு நாட்டுக் காய் என்று வைத்துக்கொண்டால் போதும், விதைக்கு ஒரு வேலை கிடைத்துவிடும்.

இங்கேதான் இன்றைய விதைத் திருவிழாக்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு. ஏழெட்டு வகைச் சுரை, பத்து வகைக் கத்தரி, வண்ண வண்ண வெண்டை என்று விதைகளை அள்ளி வந்து ஒரே மாடியில் நடுகிறார்கள். ஆர்வம் உண்மையானது. ஆனால் சுரையும் பீர்க்கும் பாகலும் வண்டாலும் தேனீயாலும் கலப்பவை. சான்று விதை எடுக்க இரண்டு சுரை ரகங்களுக்கு நடுவே 500 மீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும் என்பது விதைத் துறைக் கணக்கு. கத்தரிக்கு 100 மீட்டராவது வேண்டும். எந்த மாடியில் அது இருக்கிறது? குடுவைச் சுரைக்கும் நீளச் சுரைக்கும் பிறந்த விதை மூன்றாம் ஆண்டில் இரண்டுமாக இராது. சுரை மாலையில் மலர்வது. மறுநாள் மலரப் போகும் ஆண்மொட்டையும் பெண்மொட்டையும் நூலால் கட்டிவைத்து, மலரும் நேரத்தில் கையால் மகரந்தம் தொட்டு, திரும்பவும் கட்டி, அந்தக் காய்க்கு அடையாளம் போட்டு விதைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எத்தனை ரகமும் வைக்கலாம். மற்றவர்கள் ஒரு பயிருக்கு ஒரு ரகம் வைத்தால் போதும். கலந்த சுரை ஒருவேளை கசந்தால் அதைத் தின்னவே கூடாது; அந்தக் கசப்பு நஞ்சு.

நாலே செடியில் விதை எடுத்துக்கொண்டே போனால் வீரியம் குன்றாதா என்றால், சுரைக்கும் பீர்க்குக்கும் பூசணிக்கும் குன்றலாம். அவரையும் கத்தரியும் அவ்வளவு பாதிக்கப்படா. அதற்கும் வழி சேகரிப்பில் இல்லை. ஒரே ரகத்தை ஒரு தெருவில் நாலைந்து வீடுகள் வைத்து, ஆண்டுதோறும் விதையைக் கலந்து பகிர்ந்தால் போதும். திருவிழாக்களில் இல்லாததைத் தேடுவதோடு, தன்னிடம் இருப்பதையே வைத்திருக்கும் இன்னொருவரையும் தேட வேண்டும்.

ராமநாதபுரம்

தை பிறந்த பின் ராமநாதபுரத்து மானாவாரிக் காடுகளில் முண்டு மிளகாய் பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. மாசி, பங்குனியில் பழுத்து, கோலிக்குண்டு போலத் திரண்டு, வெயிலில் காயும்போது அடர்சிவப்பாகப் பளபளக்கும். இலவம்பாடிக் கத்தரியைப் போலவே இதற்கும் 2023-ல் புவிசார் குறியீடு வந்தது. இந்த மிளகாயை நாட்டுக் காய் என்பது எப்படி, போர்ச்சுகீசியரோடு அமெரிக்காவிலிருந்து வந்ததுதானே என்று கேட்பவர்கள் உண்டு. வந்தது உண்மை. வந்த விதையிலிருந்து, வடகிழக்குப் பருவமழை ஒன்றையே நம்பி இந்த உவர் கலந்த மண்ணில் நிற்கும் செடியை, தலைமுறை தலைமுறையாகப் பழம் பொறுக்கி விதைத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். ஐரோப்பியர் வருமுன் இங்கே இருந்ததா என்று பார்த்துத் தோட்டத்தில் இடம் கொடுப்பதானால் தக்காளி, மிளகாய், சர்க்கரைவள்ளி, மரவள்ளி எதற்கும் இடமிராது. இந்த மண்ணில் இந்தக் கைகள் எத்தனை காலம் விதை பொறுக்கின என்று கேட்பதே சரியான கேள்வி.

குறியீடு கிடைத்தாயிற்று, இனிக் கவலை இல்லை என்பதும் சரியல்ல. அது விற்கும் பெயரைப் போலிகளிடமிருந்து காக்கும். விலையும் கூடினால் நல்லதுதான். விதையை முளைக்க வைப்பது அதன் வேலையில்லை. அதற்குத் துணையாக இருப்பது இன்னொரு சட்டம். 2001-ல் வந்த பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ம் பிரிவு, விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் மாற்றிக்கொள்ளவும், வணிகப் பெயர் பொறித்த விதையாக இல்லாதவரை விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. அந்த உரிமையைப் பயன்படுத்த ஒரு காகிதப் பொட்டலம் போதும்; அதன்மேல் காயின் பெயர், ஊர், விதை எடுத்த ஆண்டு இந்த மூன்றும் இருந்தாக வேண்டும். ஆண்டு அவசியம். கத்தரி விதை நன்றாக உலர்த்தி வைத்தால் நாலைந்து ஆண்டு தாங்கும். மிளகாயை இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் நம்ப முடியாது. இந்தப் பங்குனியில் பொறுக்கும் முண்டு மிளகாய் விதை, புரட்டாசி பிறந்து முதல் மழை விழும்போது மண்ணுக்குப் போய்விடுவதே நல்லது.